பேர் வெட்டிய பிறகு: மலையகத் தோட்டங்களில் முதுமையைக் கற்பது குறித்து

1. கேள்வி

இலங்கை விரைவாக மூப்படைந்துவரும் நாடு என்பது இன்று பாடசாலைப் புத்தகம் வரை வந்துவிட்ட செய்தி. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் மொத்த மக்களில் 6.6 வீதம், 2012இல் 12.4 வீதம். இந்த வேகத்தைக் கண்டுதான் பல்கலைக்கழகங்களில் சமூகவியலும் சமூகப்பணியும் படிக்கும் மாணவர்களுக்கு முதுமை பற்றிய பாட அலகுகள் வந்திருக்கின்றன. நானும் அப்படியோர் அலகைப் படித்தவன். தோட்டத்திலிருந்து போய்ப் படித்து, களப்பயிற்சிக்காக டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கே திரும்பி வந்தேன். படித்ததும் பார்த்ததும் ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் வேலை.

கேள்வியைச் சுருக்கமாக இப்படிக் கேட்கலாம்: பெருந்தோட்டத்தில் ஒருவர் எப்போது முதியவர் ஆகிறார்? அதைத் தீர்மானிப்பது உடலா, பிறந்த ஆண்டா, வேறேதாவதா?

என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தோட்டத்து முதுமை தோட்ட ஆபீசின் பேரேட்டில்தான் உருவாகிறது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசு அதைத் தொடங்கிவைக்கிறது. பேர் வெட்டுவது, அதாவது பேரேட்டிலிருந்து பெயரை நீக்குவது, அதை உறுதிசெய்கிறது. அதன் பிறகும் வேலை நிற்பதில்லை, வேலைக்கு இருந்த பேர்தான் நின்றுபோகிறது. 60 வயதிலிருந்து எண்ணத் தொடங்கும் பாடத்திட்டமும் அரச கொள்கையும் இந்த முதுமையின் முதல் பாதியைக் காணாமலே கடந்துவிடுகின்றன.

2. பாடத்தில் இருக்கும் முதுமை

முதுமையியல் பாடம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறது. 1961இல் எலெய்ன் கம்மிங்கும் வில்லியம் ஹென்றியும் அமெரிக்காவின் கன்சாஸ் நகர ஆய்விலிருந்து உருவாக்கிய விலகல் கோட்பாடு முதலில் வரும்: வயதாக ஆகச் சமூகமும் மனிதரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மெல்ல விலகிக்கொள்வது இயல்பு என்பது அதன் சாரம். அதற்கு மறுப்பாகச் செயற்பாட்டுக் கோட்பாடு. பின்னர் எரிக்சன் சொன்ன வாழ்வின் எட்டாவது கட்டம். 1969இல் ரொபர்ட் பட்லர் பெயரிட்டுக் காட்டிய வயதுப் பாகுபாடு. ரோவும் கானும் 1987இலிருந்து முன்வைத்த 'வெற்றிகரமான முதுமை'. இவற்றைப் படித்து முடிக்கும்போது மாணவர் மனத்தில் ஒரு முதியவர் உருவாகியிருப்பார். அவருக்குச் சொந்த வீடு உண்டு. ஒரு குறிப்பிட்ட நாளில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். மீதிக் காலத்தை எப்படிச் செலவிடுவது என்பதே அவருடைய கேள்வி.

இந்த வரிசைக்கு வெளியே நிற்கும் இரண்டு சிந்தனைகள் மலையகத்துக்கு நெருக்கமானவை. பிரித்தானிய சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 1981இல் எழுதிய கட்டுரை, முதியோரின் சார்புநிலை வயதால் வருவதைவிட ஓய்வு விதிகளாலும் ஓய்வூதிய ஏற்பாடுகளாலும் உருவாக்கப்படுகிறது என்றது. ஆர்லின் ஜெரோனிமஸ் 1992இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் உடல்நலத்தை வைத்து, நீண்டகால ஒடுக்குமுறை உடலைத் தேய்த்து முன்கூட்டியே மூப்படையச் செய்கிறது என்றார். இவ்விரண்டையும் எங்கள் விரிவுரையில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டார்கள். தோட்டத்துக்கு வந்தபின் எனக்குக் கைகொடுத்தவை இவை இரண்டும்தான்.

களத்துக்குப் போகும்போது எங்கள் கையில் ஒரு படிவம் இருந்தது. சிட்னி கட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட அளவுகோலின் தமிழ் வடிவம் அது. குளித்தல், உடுத்தல், கழிவறைக்குப் போதல், படுக்கையிலிருந்து எழுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் என்று ஆறு காரியங்கள். உதவியில்லாமல் செய்ய முடிந்தால் ஒரு புள்ளி, முடியாவிட்டால் பூச்சியம். தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் (அறையில்) இருந்த ஒரு பாட்டியிடம் முதல் கேள்வியைக் கேட்டேன்: தனியாகக் குளிக்க முடியுமா? அவர் யோசித்துவிட்டு, "மழை இல்லாத நாள்ல முடியும் தம்பி" என்றார்.

குளிக்கும் தண்ணீர்ப் பீலி, லயத்துக்குக் கீழே. அதற்குப் போக மண்ணில் வெட்டிய படிகள், கைப்பிடி கிடையாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் படிகள் பாசி பிடித்து வழுக்கும். கழிவறை லயத்தின் மறுகோடியில், அதற்கும் இறக்கம். வெயில் நாளில் அவர் ஆறுக்கு ஆறு. ஆடி மழையில் நான்கு. படிவத்தில் மழைக்கு இடமில்லை. அளவுகோல் அவருடைய முழங்காலை அளப்பதாக நினைத்துக்கொண்டு தோட்ட நிர்வாகம் போடாத படியை அளந்துகொண்டிருந்தது. படிவத்தை மடித்து வைத்துவிட்டு அவர் வேலையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிய பிறகே உருப்படியான செய்திகள் கிடைத்தன.

3. தராசும் பேரும்

தோட்டத்தில் வேலை செய்வது என்றால் பேர் இருப்பது. பேர் பதிந்தவருக்கே சேமலாப நிதி, சேவைக்காலப் பணம், காம்பரா எல்லாம். காலையில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், சொன்ன மலையில் நிரை பிடித்து, நிர்வாகம் வைத்த நிறையைக் கொடுத்தால் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி. நிறை குறைந்தால் அரைப்பேர். தோட்டத்துக்குத் தோட்டம் அளவு வேறுபடும். 16 கிலோ என்பார்கள், 18 என்பார்கள், 20 என்பார்கள். கொழுந்து குறைவான காலத்தில் இதைவிடப் பெரிய சச்சரவு தோட்டத்தில் வேறில்லை.

கொழுந்தெடுப்பது வேகமான கைவேலை என்பதுதான் வெளியார் கண்ணுக்குத் தெரிவது. அது காலால் செய்யும் வேலையும்கூட. சரிவில் நின்று, பள்ளத்துக் காலை ஊன்றி, மேட்டுக் காலை மடித்து, தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுச் சுமை தொங்க, இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு ஏற வேண்டும். அட்டைக்கடியும் குளவிக் கொட்டும் தனி. 25, 30 வருடம் இதைச் செய்த பெண்ணுக்கு முதலில் போவது முழங்கால், அடுத்து கண். இரண்டிலைக்கும் ஒரு மொட்டுக்கும் முற்றிய இலைக்கும் வேறுபாடு தெரிவதற்குக் கண் வேண்டும். தெரியாமல் பிடுங்கினால் தராசில் கழிவென்று கழிப்பார்கள். நாற்பத்தெட்டு, ஐம்பது வயதில் மாதத்தில் நான்கைந்து நாள் அரைப்பேர் விழத் தொடங்கும். அந்த வீட்டில் அப்போது ஒரு பேச்சு வரும்: "பேர வெட்டிக்கிட்டுக் காச எடுத்துரலாம்."

அந்தப் பேச்சு வரும் தருணத்தை, விலகல் கோட்பாட்டின் மொழியில், சமூகமும் மனிதரும் பரஸ்பரம் விலகிக்கொள்வதாக வாசிக்க முடியாது. விலகுவது நிர்வாகம் மட்டுமே. ஜெரோனிமஸின் தேய்மானக் கருத்து இங்கே துல்லியமாகப் பொருந்துகிறது: தேசிய அளவில் நடுத்தர வயது எனக் கணக்கிடப்படும் பெண், நிறை கொடுக்க முடியாதவராகித் தோட்டத்தில் கிழவியாகிவிடுகிறார். இன்னொரு கோணமும் உண்டு. அவருடைய உண்மையான வயதே பல நேரங்களில் உத்தேசம்தான். பிறப்புப் பதியப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுப்பது இலங்கையில் நடைமுறை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட சமூகத்தில், தாள் இல்லாமல் பிறந்து வளர்ந்தவர்கள் ஏராளம். 1972இலிருந்து வந்த தேசிய அடையாள அட்டை அவர்களில் பலருக்கு மிகத் தாமதமாகவே கிடைத்தது. அப்போது எழுதிய ஒருவர் கையெழுத்தில் இரண்டு வருடம் முன்பின் ஆகியிருந்தால், பாட்டியின் ஓய்வும் உதவிப்பணமும் அதற்கேற்ப முன்பின் ஆகும்.

பேர் வெட்டியவர் வீட்டில் உட்காருவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்து மிகுந்த காலத்திலும் கைக்காசுக்கு எடுப்பார்; கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றே கையில் வாங்கும் வேலை அது. சேமலாப நிதிக்குப் பிடித்தம் இல்லை, சேவைக்காலமும் சேராது. அண்மை ஆண்டுகளில் பல கம்பனிகள் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை விலைக்கு வாங்கும் முறைக்கு மாறிவருகின்றன. அதில் பாட்டியும் தாத்தாவும் குடும்பத்தின் பெயரில் சேர்ந்துகொள்கிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் அவர்களுடைய உழைப்பு இல்லை. நேற்று வரை நின்ற அதே மலை, அதே செடி, அதே தராசு.

தமிழகத்தில் இதற்கு நெருக்கமான ஆய்வு பென்னி வேரா-சான்சோ சென்னைக் குடிசைப் பகுதிகளில் செய்தது. ஏழை முதியவர்கள் இளையவர்களை நம்பி வாழ்கிறார்கள் என்ற பொது நம்பிக்கையை அவர் தலைகீழாக்கினார்: காய்கறிக்கடை போட்டும் வீட்டுவேலை செய்தும் அவர்கள்தான் இளைய தலைமுறையைத் தாங்குகிறார்கள் என்று காட்டினார். மலையகத்தை அந்தக் கண்ணால் பார்க்கத் தொடங்கினால் முதியோர் 'சுமை' என்ற சொல்லே கூச்சம் தருகிறது.

4. ஐம்பது, அறுபது, எழுபது

இலங்கைச் சட்டத்தில் முதுமைக்கு ஒன்றல்ல, பல வாசல்கள். ஊழியர் சேமலாப நிதியை (1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம்) வேலையை விட்ட பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் எடுக்கலாம். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் முதியவர் என்றால் 60 வயதைத் தாண்டியவர். குறைந்த வருமானமுள்ளோருக்கான முதியோர் கொடுப்பனவோ 70இல்தான் தொடங்குகிறது.

கொழும்பில் அலுவலகம் போகிறவருக்கு இந்த எண்கள் பெரிதாக முரண்படுவதில்லை. தோட்டத்துப் பெண்ணுக்கு அப்படியில்லை. ஐம்பதில் முழங்கால் போய்ப் பேர் வெட்டுகிறார். எழுபதில்தான் அரசு அவரைத் திரும்பிப் பார்க்கிறது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கு மொத்தமாகக் கிடைத்த ஒரு தொகையும் கைக்காசும்தான். சட்டம் அவரை 60 வரை வேலையில் இருக்கச் சொல்லி உரிமை கொடுத்திருக்கிறது, உண்மை. நிறையை வயதுக்கேற்பக் குறைக்கும்படி அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. உரிமை இருக்கிறது, அதை அனுபவிக்கும் முழங்கால் இல்லை.

அந்த மொத்தத் தொகையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். சேவைக்காலப் பணத்தை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் ஆள்கிறது. நாட்கூலி பெறுபவருக்கு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் கூலி, கடைசியாக வாங்கிய கூலி விகிதத்தில். 30 ஆண்டு வேலை செய்த ஒருவரைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 2016 ஒக்டோபர் உடன்படிக்கைக்குப் பின் அடிப்படை நாட்கூலி 500 ரூபாய்: கிடைப்பது 2,10,000 ரூபாய். 2019இல் அது 700 ஆனது: 2,94,000. 2024 செப்டெம்பரில் 1,350: 5,67,000. அதே மலையில் அதே 30 வருடம். எந்த ஆண்டில் பேர் வெட்டினார் என்பதைப் பொறுத்துத் தொகை இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. 2018இல் விலகியவருக்கு யாரும் மீதியைக் கொடுக்கப் போவதில்லை.

சேமலாப நிதி வேறு மாதிரி. ஊழியரிடம் 8 வீதமும் முதலாளியிடம் 12 வீதமும் ஒவ்வொரு மாதமும் சேர்வதால், அது அந்தப் பெண்ணின் மொத்த வாழ்நாள் கூலியையும் பிரதிபலிக்கிறது. கூலி அற்பமாக இருந்த ஆண்டுகள் எல்லாம் அதில் அற்பமாகவே உறைந்திருக்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டபோது, வங்கியில் போட்டுவைத்திருந்த பழைய சேமலாபக் காசு அரிசிக்கும் மாவுக்கும் எதிரில் கரைந்தது. கரைவதற்குக் காசு மிஞ்சியிருந்த வீடுகள் எத்தனை என்பதும் கேள்விதான். மகள் கலியாணம், மகனை வெளிநாடு அனுப்பிய கடன், அடகில் இருந்த தோடு, காம்பராவுக்கு முன்னால் இழுத்துக் கட்டிய தகரக் குசினி: மொத்தப் பணம் போகும் வழி தோட்டத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

பணத்தைக் கையில் வாங்குவது தனிப் போராட்டம். தோட்டப் பேரேடான செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, பிறப்புச் சான்றிதழில் மாரியாய். சேமலாபப் பதிவில் இருக்கும் எழுத்தும் அடையாள அட்டை எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பும். பிறகு சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர் கடிதம், தோட்ட ஆபீஸ் உறுதிப்படுத்தல், தொழில் அலுவலகத்துக்கு மறுபடி பஸ். நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவைதாம். மேசைக்கு மேசை அது நடைமுறையில் இருக்கிறதா என்பது வேறு. பாட்டியிடம் ஒரு சொப்பின் பை இருந்தது. உள்ளே பழைய சம்பளத் துண்டுகள், பிரஜாவுரிமைச் சான்றிதழ், கணவரின் மரணச் சான்றிதழ், மாலை நேர மாத்திரை அட்டை எல்லாம் ஒன்றாக. மாத்திரையையும் துண்டுகளையும் ஏன் சேர்த்து வைத்திருக்கிறார் என்று கேட்டேன். இரண்டுமே தொலைந்தால் திரும்பக் கிடைக்காதவை என்றார். எதையெதையோ குறித்துக்கொண்டிருந்த நான் அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. ஆனால் டவுன்சென்ட் சொன்ன 'உருவாக்கப்பட்ட சார்புநிலை'க்கு அந்தப் பையைவிட நல்ல சான்று எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

தொழிற்சங்கங்கள் இதில் எங்கே நிற்கின்றன? சந்தா சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. பேர் வெட்டினால் சம்பளம் இல்லை, சந்தாவும் இல்லை. ஓய்வு பெற்றவர் தேர்தலில் வாக்காளராகத் தொடர்கிறார், சங்கத்தில் உறுப்பினராகத் தொடர்வதில்லை. 1,000 ரூபாய் நாட்கூலிக்கும் 1,700 ரூபாய் நாட்கூலிக்கும் நடந்த நீண்ட போராட்டங்களில், நிறையை வயதுக்கேற்பக் குறைப்பது ஒரு முதன்மைக் கோரிக்கையாக எழவில்லை என்பதற்கு இந்த அமைப்பே காரணம் என்று கருதுகிறேன்.

5. காம்பரா யாருடையது

முதுமையியல் நூல்களில் 'சொந்த இடத்தில் மூப்படைதல்' ஓர் இலட்சியம்: பழகிய வீட்டிலேயே கடைசிவரை இருப்பது. லயத்தில் பிறந்து லயத்தில் சாகும் தோட்டத்து முதியவர் இதை எப்போதோ சாதித்துவிட்டவர் போலத் தோன்றுவார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கு அவரிடம் உறுதி கிடையாது என்பதுதான் சிக்கல். வீடு வேலையோடு கட்டப்பட்டது. வீட்டில் ஒருவராவது பேரில் இருக்கும்வரை உரசல் இல்லை. பாட்டியின் பேர் வெட்டப்படுவதற்கு முன் மருமகளின் பேர் பதியப்பட வேண்டும் என்ற கணக்கு இதனால்தான் வருகிறது. தையற்கூடத்தில் வேலை கிடைத்த பெண்ணைக்கூடத் தோட்டத்தில் பேர் போடச் சொல்லி வீட்டில் வற்புறுத்துவதைப் பழமைவாதம் என்று எழுதிவிடுவது எளிது. காம்பராவைக் காப்பாற்றும் கவலை அதற்குள் இருக்கிறது.

இது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா சென்றவர்களுக்காக நீலகிரியில் வளர்த்தெடுக்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களை 1976இலிருந்து டான்டீ நிறுவனம் நடத்துகிறது. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அங்கே ஓய்வு பெற்றவர்கள் குடியிருப்பைக் காலிசெய்ய வேண்டும் என்ற பிரச்சினை எழுந்து, தமிழக அரசு மாற்று வீடு பற்றிப் பேச வேண்டியதாயிற்று. திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையில், பாம்பே பர்மா நிறுவனத்தின் 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடியவிருக்க, 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். நான்கு தலைமுறை இருந்த மலை. கடலின் இரு கரையிலும் தேயிலை மலைகளில் ஓய்வு என்ற சொல்லுக்குள் வெளியேற்றமும் மறைந்திருக்கிறது.

மாற்றம் இல்லாமலில்லை. இந்திய உதவியுடனான தனிவீட்டுத் திட்டம், 7 பேர்ச் காணி, 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்த 10,000 வீடுகள் என்று ஒரு வரிசை இருக்கிறது. வந்தவை தேவையோடு ஒப்பிடக் குறைவு. வீடு கிடைத்த குடும்பங்களிலும் முதியவர் எங்கே படுக்கிறார் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்: மகன் புதுவீட்டுக்குப் போக, பெற்றோர் பழைய லயத்திலேயே தங்கிவிடும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். இருவருக்கும் சௌகரியம் என்றுதான் சொன்னார்கள். நம்பினேன்.

6. பார்த்துக்கொள்வது யார்

'மலையகத்தில் கூட்டுக்குடும்பம் இன்னும் இருக்கிறது, முதியவரைக் கைவிடமாட்டார்கள்' என்று சொல்பவர்கள் உண்டு. 'இளையவர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள், முதியவர்கள் அநாதரவாகிவிட்டார்கள்' என்று சொல்பவர்களும் உண்டு. லாரன்ஸ் கோஹன் வாரணாசியில் செய்த ஆய்வை வைத்து 1998இல் எழுதிய நூல் இந்த இரண்டாவது பேச்சை நன்றாகவே சோதித்தது. ஒரு காலத்தில் நல்ல கூட்டுக்குடும்பம் இருந்தது, இப்போது உடைந்துவிட்டது என்ற புலம்பல் இந்திய முதுமையியலின் அடித்தளக் கதை. அந்தப் பழைய பொற்காலத்துக்கு யாரும் சான்று தருவதில்லை என்றார். அவருடைய எச்சரிக்கை இங்கும் தேவை. எட்டுப் பேர் ஒரு காம்பராவில் நெருங்கிக் கிடந்ததைக் கூட்டுக்குடும்பப் பண்பாடு என்று அழைத்தால் இடநெருக்கடிக்குப் பட்டுச்சேலை கட்டியதாகிவிடும். தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' சிறுகதை அந்த நெருக்கத்தின் மறுபக்கத்தை எப்போதோ காட்டிவிட்டது.

இலங்கைத் தென்மேற்குக் கிராமமொன்றில் மிஷேல் காம்பர்ட் பல ஆண்டுகள் செய்த ஆய்வு, வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களும் ஊரில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் பாட்டிகளும் ஒரே சங்கிலியில் இருப்பதைக் காட்டுகிறது. மலையகத்திலும் அந்தச் சங்கிலி உண்டு. ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்தக் கிராமங்களில் முதியவர் கையில் வளவோ வீடோ இருக்கும். பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அது போகும். தோட்டத்து முதியவரிடம் கொடுப்பதற்குக் காணி இல்லை. அவர் கொடுக்கக்கூடியது உழைப்பு மட்டுமே: தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவிலிருந்து குழந்தையைக் கூட்டி வருவது, விறகு பொறுக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, மாடு பார்ப்பது. உழைப்பு நிற்கும் நாளில் பரிமாற்றமும் நின்றுவிடுமோ என்ற அச்சம் அவர்களிடம் இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்வதில்லை. 'கை கால் ஓடும்போதே போயிரணும்' என்ற பேச்சில் வந்துவிடும்.

பார்த்துக்கொள்பவர்களைப் பற்றிய ஆய்வுகள் பிள்ளைகளை எண்ணுகின்றன; உடன்பிறந்தவர்களை எண்ணுவதில்லை. மலையகத்தில் இது பெரிய விடுபடல். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் 1974இல் மீதிப் பேரைப் பங்கிட்ட ஒப்பந்தமும் குடும்பங்களை நடுவே வெட்டின. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தொடங்கிய கணக்கு அது. தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். 1984இல் இந்தியாவுக்கான கப்பல் நிற்கும்வரை அது தொடர்ந்தது. அன்று இருபது வயதில் மேடையில் நின்று கையசைத்தவர்கள்தாம் இன்றைய எழுபதுகளில் இருக்கும் தாத்தாக்களும் பாட்டிகளும். அவர்களுடைய அக்கா கோத்தகிரியில், தம்பி கூடலூரில். வயதான காலத்தில் சாய்ந்துகொள்ள உடன்பிறந்தவர் இல்லாமற்போனது அவர்களுக்கு நேர்ந்த தனிப்பட்ட விதி அன்று. இரு அரசாங்கங்கள் கையெழுத்திட்டது.

7. சாட்சிகளாக மட்டும்

மலையகம் பற்றிய எழுத்தில் முதியவர்கள் இல்லையென்று சொல்ல முடியாது. அவர்கள் எங்கும் இருக்கிறார்கள், தகவலாளிகளாக. குடியுரிமை பறிப்பு, கங்காணி காலம், நாட்டார் பாடல், காமன் கூத்து எதை ஆராய வந்தாலும் முதலில் கூட்டிக்கொண்டு போவது தோட்டத்தின் மூத்தவரிடம்தான். மலையக நாட்டார் பாடல்களைச் சேகரித்த சி. வி. வேலுப்பிள்ளை காலத்திலிருந்து நடப்பது இது. அந்தச் சேகரிப்பு இல்லையென்றால் இச்சமூகத்தின் பாடல்களில் பெரும்பகுதி போயிருக்கும். மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த பேரணியின்போதும் ஒலிவாங்கிகள் முதியவர்களையே தேடின.

குறை அங்கில்லை. அவரிடம் 1964ஐப் பற்றிக் கேட்கிறோம், இந்த மாதம் கிளினிக்குக்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்பதில்லை. டிக்கோயாவில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, மருந்தும் இலவசம். மேற்பிரிவு லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கவும், அங்கிருந்து த்ரீவீலுக்குக் கொடுக்கவும் உள்ள செலவு இலவசம் அன்று. நினைவின் களஞ்சியமாக அவரைக் கொண்டாடும் ஆய்வு, இன்று மூச்சு வாங்கும் மனிதராக அவரைக் காணத் தவறுகிறது. அப்படித் தவறிய கட்டுரைகளில் சில எனக்குப் பிடித்தமானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புள்ளிவிவரத்திலும் இதே நிலை. 2019 வீட்டு வருமானச் செலவினக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். கூலி, போசாக்கு, வீடு பற்றிய விவாதங்கள் இந்த எண்ணை எடுத்தாள்கின்றன. தோட்டத்துறைக்குள் முதியவர் இருக்கும் வீடு, முதியவர் மட்டும் இருக்கும் வீடு என்று பிரித்து வாசிப்பது அரிது. பிரித்தால் தெரியவருவது கம்பனிகளுக்கும் சங்கங்களுக்கும் அரசுக்கும் ஒருசேரச் சங்கடமாக இருக்கும்.

8. என்ன மாற வேண்டும்

மாணவருக்குத் தரும் படிவத்திலிருந்தே தொடங்கலாம். கட்ஸ் அளவுகோலைத் தூக்கி எறியத் தேவையில்லை. அதன் பக்கத்தில் படி, பீலி, கழிவறைத் தூரம், மழைக்காலம் என்று நான்கு கட்டங்கள் சேர்த்தால் போதும். தோட்டத்துறையில் முதுமை ஆய்வை 60இலிருந்து தொடங்கும் வழக்கத்தைக் கைவிட்டு, முதல் அரைப்பேர் விழும் வயதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தரவு எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை, ஒவ்வொரு தோட்ட ஆபீசிலும் செக்ரோலாக இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதுதான் கடினம். மாணவர் தனியாகக் கேட்டால் கிடைக்காது, பல்கலைக்கழகம் கேட்க வேண்டும்.

கொள்கையில் அவசரமானவை இரண்டு. ஒன்று, ஐம்பது வயதைத் தாண்டிய கொழுந்துப் பெண்ணுக்கு நிறையைக் குறைத்து முழுப்பேர் கொடுக்கும் விதி, சம்பள நிர்ணய சபையின் ஊடாக. இதற்குக் கம்பனிகள் உற்பத்தித்திறன் என்ற வாதத்தை வைக்கும். பேர் வெட்டிய அதே பெண்ணைக் கைக்காசுக்கு எடுத்துக்கொள்ளும் நிர்வாகம் அந்த வாதத்தைச் சொல்லத் தகுதியற்றது. மற்றது, முதியோர் கொடுப்பனவுக்கான 70 வயது வரம்பை வாழ்நாள் உடலுழைப்பாளருக்கேனும் 60ஆகக் குறைப்பது. முதியோர் உரிமைச் சட்டமே 60ஐத்தான் முதுமை என்கிறது. உதவி மட்டும் பத்தாண்டு தள்ளி வருவதற்கு நியாயம் இல்லை.

இவை நிறைவேறக் காலமாகும். அதுவரை, களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களிடமும் அவர்களை அனுப்பும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாட்டியிடம் வாழ்க்கைக் கதை கேட்டு முடித்ததும் அவருடைய சொப்பின் பையையும் திறந்து பாருங்கள். செக்ரோலில் ஒரு பெயரும் அட்டையில் ஒரு பெயரும் இருந்தால், சத்தியக் கடதாசி எழுதுவதற்கு ஒரு நாள் ஒதுக்கி அவரோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். அந்த நாளுக்கும் களப்பயிற்சியில் புள்ளி கொடுக்கப்பட வேண்டும்.